முத்துவின் கை

21.8.2005, ஞாயிறு இரவு

ஜப்பானில் யாரோ நாலைந்து நண்பர்கள் வீட்டிலேயே செய்த அந்தச் சண்டை விளையாட்டின் இரண்டாம் பாகம் வந்திருக்கிறது. சுங்குவார்சத்திரம் பிரவுசிங் சென்டரில் கீபோர்டும் புதுசு. வழக்கம்போல நானும் அறைத்தோழன் முத்துவும் ஒரே கீபோர்டில் மோதினோம். ஆறு மாதமாக என்னிடம் தோற்றவன் ஐந்து ஆட்டமும் ஜெயித்தான்.

"பழைய கீபோர்டுல மூணு பட்டனுக்கு மேல அமுக்குனா எடுக்காதுப்பா" என்றார் கடைக்கார அண்ணன்.

எனக்கு அது முன்பே தெரியும். நான் மூன்று பட்டனை அழுத்திப் பிடித்தால் முத்துவின் உதை விழாது. அவனோ தன் கைதான் மெதுவு என்று நம்பி, கம்பெனியில் அசெம்பிளி லைனிலிருந்து பேக்கிங்குக்கு மாற்றச் சொல்லி வெள்ளிக்கிழமை சூப்பர்வைசரிடம் கேட்டுவிட்டான்.

திரும்பி வரும்போது எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பான் என்று நினைத்தேன். தெருவிளக்கடியில் நின்று விரல்களை விரித்துப் பார்த்தான்.

"அப்போ எங்கையில ஒரு கொறையும் இல்லையாலே?"

எவ்வளவு சந்தோஷம் அந்த முகத்தில். திட்டியிருந்தால் நான் தூங்கியிருப்பேன்.

காலையில் சூப்பர்வைசரிடம் நானும் கூடப் போகிறேன். சார், இவன் கை மெதுவில்லை, நான்தான் அழுகுணி ஆட்டம் ஆடினேன் என்றால் அவருக்கு என்ன புரியும்?