நான் ருசி பார்க்காத பானக்கம்

அன்பான அத்தானுக்கு,

கல்யாணமான புதிதில் அத்தான் என்றுதான் கூப்பிட்டேன். பிறகு அது ‘ஏங்க’ ஆயிற்று. அதுவும் போய், நீங்கள் கடைவிட்டு வந்து கதவைத் தட்டினால் திறந்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போகிறவளாக ஆகியிருந்தேன். இப்போது எழுத உட்கார்ந்ததும் பழைய வார்த்தைதான் வருகிறது. நீங்கள் ஒன்றும் சொல்ல மாட்டீர்கள் என்ற தைரியத்தில் அதையே வைத்துக்கொள்கிறேன்.

முந்தாநாள் நம் கோமதியம்மன் கோயில் தபசுத் திருவிழா. நீங்கள் இல்லாத முதல் ஆடித்தபசு. அன்றைக்கு நம் வீட்டு வாசலில் நின்று நான் சிரித்தேன். சேலைத் தலைப்பை வாயில் வைத்து அடக்கப் பார்த்தும் அடங்காத சிரிப்பு. நீங்கள் போய் இன்னும் வருசம் திரும்பவில்லை. இதை உங்களிடம் சொல்லாமல் வேறு வேலையில் மனம் போகவில்லை. இன்றைக்கு ஒரு சேலைக்கு ஃபால்ஸ் தைத்து, தலைகீழாகத் தைத்திருக்கிறேன் என்று தெரிந்து, பிரித்துப் போட்டுவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

நீங்கள் இருந்தால் கோயிலில் கொடியேறிய அன்றைக்கே வீடு ரெண்டுபட்டிருக்கும். அண்டாவைப் பரணிலிருந்து இறக்கியாயிற்றா, கருப்பட்டி நல்லதாகக் கிடைக்குமா, புளியங்குடியில் இருக்கிற உங்கள் அக்காவுக்கு எலுமிச்சம்பழத்துக்குச் சொல்லியாயிற்றா என்று ஒரே பரபரப்பு. தபசு பார்க்க வருகிற சனத்துக்கு வாசலில் நின்று பானக்கம் ஊற்ற வேண்டும். வருசத்தில் அந்த ஒரு நாளைக்கு மட்டும் முதலாளியிடம் ஒரு மாதம் முந்தியே லீவு சொல்லிவிடுவீர்கள்.

அந்த ஒரு நாள்தான் என்றும் சொல்ல முடியாது. ஜவுளிக்கடையில் காலையிலிருந்து நின்று சேலை விரித்துப் போட்டுவிட்டு வந்து, அதையும் சந்தோஷமாகத்தானே சொல்வீர்கள். ஒரு குடும்பமே வந்து, கடையைப் புரட்டிப் போட்டு, ஒன்றும் எடுக்காமல் போயிருக்கும். “அந்தப் பிள்ளைக்கு மாம்பழக் கலரு வச்சுப் பாத்தேன், மொகமே மாறிருச்சுட்டி. நாளைக்கு வருவாக பாரு” என்பீர்கள். நான் உங்கள் வீங்கின காலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். “நின்னு நின்னு காலு உரலு கணக்கா இருக்கு. இதுல மாம்பழக் கலரு வேற” என்பேன். நீங்கள் சிரித்துக்கொண்டே வெந்நீர் போட எழுந்து போவீர்கள்.

வீட்டில் ஒருத்தராவது நிதானமாக இருக்க வேண்டாமா என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். சந்தோஷம் என்பது எல்லா வேலையும் முடிந்த பிறகு வந்து உட்காருகிற விஷயம் என்று ஒரு கணக்கு எனக்கு. சுதா படிப்பு முடியட்டும். சுதா கல்யாணம் முடியட்டும். கூரை ஓட்டைப் பிரித்துக் காங்கிரீட் போடட்டும். ஒவ்வொன்றும் முடிந்தது. ஒவ்வொன்று முடிந்தபோதும் நீங்கள் அல்வா வாங்கி வந்தீர்கள், நான் அடுத்ததைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். நமக்கு ரெண்டு பேருக்கும் ஒரே வீடு, ஒரே வருமானம், ஒரே மகள். உங்களுக்கு மட்டும் அது எப்படிப் போதுமானதாக இருந்தது?

தபசு அன்று விடியக் கலக்கி முடித்ததும் ஒரு தம்ளரில் ஊற்றி அடுக்களைக்கு வருவீர்கள். “ருசி பாருட்டி.” நான் திரும்பாமலே, “நல்லாத்தான் இருக்கும், கருப்பட்டி போட்டா இனிக்காம கசக்கவா செய்யும்” என்பேன். தம்ளரை மேடையில் வைத்துவிட்டுப் போவீர்கள். அன்றைக்கு முழுக்க நான் உள்ளே உட்கார்ந்து தைப்பேன். வாசல் சேறாகிறதே, தம்ளர் எல்லாம் நசுங்குகிறதே என்று எனக்குள் ஓடும். மேடையில் இருந்த அந்தத் தம்ளரை மத்தியானம் எறும்பு மொய்த்த பிறகு கழுவி வைப்பேன். வருசா வருசம் அப்படித்தான்.

இந்த வருசம் புளியங்குடியிலிருந்து உங்கள் அக்கா, மதினி, போன் பண்ணினார்கள். “ஏட்டி, இந்தத் தடவ பானக்கம் கெடையாதுன்னு தெருவுல சொல்லிரு. சாவு விழுந்து வருசம் திரும்பாத துட்டி வீட்டுல யாரு வாங்கிக் குடிப்பா” என்றார்கள். சரி மதினி என்றேன். போனை வைத்த பிறகு எனக்கு நிம்மதியாக இருந்தது அத்தான். அதையும் மறைக்கவில்லை. அன்றைக்கு நான் தனியாக இருக்கக் கூடாது என்று மத்தியானத்துக்குள் வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

தபசு அன்று காலையில் முன்கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். வெளியே வேன் சத்தம், கொட்டுச் சத்தம். கொஞ்ச நேரத்தில் கதவைத் தட்டினார்கள். திறந்தால், ஒரு ஆணும் பெண்ணும். திருவேங்கடம் பக்கத்து ஊராம். அவர் கையில் ஒரு மஞ்சள் பை நிறையப் பருத்தி, சாயங்காலம் அம்மனுக்குச் சாமி காட்சி கொடுக்கும்போது மேலே வீசிச் சூறை விடுவதற்கு. அவர்களுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர் நின்றார்கள்.

“அண்ணாச்சியக் காணலயே?”

“அவுக தவறிட்டாக. தீபாவளி முடிஞ்ச மறுநாளு. நெஞ்சு வலி” என்றேன். அவர் பையைக் கீழே வைத்தார். துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். உங்கள் பேர்கூட அவருக்குத் தெரியாது. வருசத்துக்கு ஒரு தடவை ஒரு தம்ளர் வாங்கிக் குடித்த ஆள்.

அந்த அம்மாள்தான் என் கையைப் பிடித்தார்கள். “நீங்கதான அந்தப் பானக்கக்காரம்மா?”

எனக்கு விளங்கவில்லை.

“அண்ணாச்சி சொல்லுவாகல்லா. ‘கலக்குனது என் வீட்டுக்காரி. நான் ஊத்துத ஆளு மட்டுந்தான். உள்ள இருக்கா, கூட்டம்னா கூச்சப்படுவா’ன்னு. நாங்க குடிச்சிட்டு உள்ள பாத்து ஒரு கும்பிடு போட்டுட்டுத்தான் போவோம். இன்னைக்குத்தான் மொகத்தப் பாக்கோம்.”

அத்தான், அந்தக் கும்பிடுகளை நான் பார்த்திருக்கிறேன். தைத்துக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். தம்ளரை வைத்துவிட்டு ஆட்கள் நம் வீட்டைப் பார்த்துக் கையெடுப்பார்கள். நிலைக்கு மேலே மாட்டியிருக்கிற கோமதியம்மன் படத்துக்கு என்று நினைத்திருந்தேன்.

ஏன் அப்படிச் சொன்னீர்கள்? வீட்டுக்காரி ஒரு கை கூடப் பிடிக்கவில்லை என்பது வெளியே தெரியக் கூடாது என்றா? இல்லை, உங்கள் சந்தோஷத்தில் எனக்கும் ஒரு பங்கை எழுதி வைத்துவிட்டால் என்றைக்காவது வந்து வாங்கிக்கொள்வேன் என்றா? உங்களைக் கேட்க முடியாத இடத்தில் வைத்துக்கொண்டு கேட்கிறேன்.

அப்போது நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? இல்லை தாயி, நான் ஒரு நாளும் கரண்டியைத் தொட்டதில்லை, எல்லாம் அவர்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த அம்மாள் என் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நான் “ஆமா” என்றேன்.

“அப்ப ஒரு வாய் கலக்கிக் குடுங்க” என்றார்கள்.

“துட்டி வீடு” என்றேன்.

“துட்டி கேக்க வந்தவுகளுக்குக் குடிக்கத் தண்ணி குடுப்பீகளா மாட்டீகளா? நாங்க துட்டி கேக்க வந்ததா வச்சுக்கிடுங்க” என்றார்கள். பின்னால் நின்றவர்களும் தலையை ஆட்டினார்கள்.

அடுக்களைக்குள் போய் நின்ற பிறகுதான் எனக்கு ஒன்றுமே தெரியாது என்பது தெரிந்தது. கருப்பட்டி இருந்தது. சுக்கு இருந்தது. எவ்வளவுக்கு எவ்வளவு? நீங்கள் முதலில் எதைக் கரைப்பீர்கள்? அடுத்த அறையில் உட்கார்ந்துகொண்டு, இடிக்கிற சத்தம் தலையை வலிக்கிறது என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். ருசியாவது ஞாபகம் இருந்தால் அதை வைத்துக்கொண்டு தட்டுத் தடுமாறிக் கலக்கலாம். அதுவும் இல்லை. ஒரு குடத்துத் தண்ணீரில் கருப்பட்டியை உடைத்துப் போட்டு, இருந்த சுக்கையெல்லாம் இடித்துக் கொட்டினேன்.

அந்தத் திருவேங்கடத்துக்காரர்தான் முதலில் வாங்கினார். அண்ணாந்து ஒரு வாய் விட்டவருக்குப் புரை ஏறிவிட்டது. “தாயி, இது பானக்கமா கசாயமா?” என்றார். அவர் சம்சாரம் அவர் முதுகில் ஒன்று வைத்துவிட்டு, தானும் குடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஆளாளுக்குச் சொல்ல ஆரம்பித்தார்கள். ஏலக்காய் வாசம் வரவில்லை என்றார் ஒருவர். அண்ணாச்சி ஒரு கல்லு உப்புப் போடுவாக என்றார் ஒருவர். எலுமிச்சம்பழம் புழியாம எப்பிடி என்று பின்னாலிருந்து ஒரு சத்தம். ரோட்டில் போகிறவர்கள் எல்லாருக்கும் உங்கள் ருசி தெரிந்திருக்கிறது அத்தான். எனக்குத்தான் தெரியவில்லை.

“இனி என்ன போடணும்?” என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அகப்பட்டுக்கொண்டேன் என்றுதான் நினைத்தேன். அந்த அம்மாள் சொன்னார்கள், “பாவம், துக்கத்துல கை மறந்திருக்கும்.”

நான் சொன்ன பொய்க்கு அந்த மனுஷி உங்கள் சாவைக் காரணமாக வைத்து என்னைக் காப்பாற்றிவிட்டார்கள். அதையும் நான் வாங்கிக்கொண்டேன்.

அப்போதுதான் திருவேங்கடத்துக்காரர் மூக்கும் கண்ணும் ஒழுக, காலித் தம்ளரைத் திரும்ப நீட்டினார். “இன்னொண்ணு ஊத்துங்க தாயி. கோடையில புடிச்ச மூக்கடப்பு, இப்பத்தான் விட்டுருக்கு.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த அம்மாளும் சிரிக்க, வாசலே சிரிக்க, நான் ஊற்றினேன். அவர்கள் நகர நகர வேறு ஆட்கள் வந்தார்கள். வெயில், சேறு, நசுங்கின தம்ளர் எல்லாம் அப்படியேதான் இருந்தது. என் முழங்கால் வலியும் இருந்தது. எல்லாவற்றோடும் எனக்கு நன்றாக இருந்தது. இதைத்தான் நீங்கள் இத்தனை வருசமும் வாசலில் நின்று அனுபவித்தீர்களா? உள்ளேயிருந்து நான் எழுந்து வர வேண்டிய தூரம் பத்தடிகூட இருக்காதே.

சிரித்த வாய் மூடுவதற்குள் மதினி வந்துவிட்டார்கள். கையில் பையோடு தெருவில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கரண்டியைக் கீழே வைத்தேன். “மதினி, துட்டி வீடுன்னு சொல்லிப் பாத்தேன், இவுகதான்...” என்று இழுத்தேன்.

“துட்டிய விடுட்டி. அவன் இருக்கும்போது ஒருநாளு இந்த வாசல்ல வந்து நின்னு சிரிச்சியா?”

அவ்வளவுதான் கேட்டார்கள். கோபமாகக்கூட இல்லை. கேட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். வந்தவர்கள் தாங்களே மொண்டு குடித்தார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து மதினி பையைத் திறந்தார்கள். உள்ளே எலுமிச்சம்பழம். வேண்டாம் என்று சொன்னவர்களே வாங்கி வந்திருக்கிறார்கள். “பழக்க தோசம். தபசுக்கு வாரேன்னு கெளம்புனா கை தானா பழத்த எடுத்துப் போடுது” என்றார்கள். அருவாமணையைக் கொண்டுவரச் சொன்னார்கள்.

சாயங்காலம் காட்சிக்கு நாங்கள் போகவில்லை. கூட்டத்தின் சத்தம் வீடு வரைக்கும் கேட்டது. திருவேங்கடத்துக்காரர் போகும்போது பையிலிருந்து ஒரு கைப் பருத்தியை எடுத்து உங்கள் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுப் போயிருந்தார். அப்படியே இருக்கிறது, நான் எடுக்கவில்லை.

பழம் பிழிந்த பிறகு அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. தம்ளரில் ஊற்றி மதினியிடம் கொடுத்தேன். “அவனோடதுக்கு இது பக்கத்துல நிக்காது” என்றார்கள். நானும் ஒரு வாய் குடித்தேன். நன்றாக இருந்தது. உங்களுடையது எப்படி இருக்கும் என்று எனக்கு இனித் தெரியப்போவதில்லை. அடுக்களை மேடையில் வருசா வருசம் நீங்கள் வைத்துவிட்டுப் போன தம்ளரில் அது இருந்தது.

சுதா போனில், “நல்லா சிரிச்சியாமே, அத்தை சொன்னாக. சந்தோசமா இரும்மா” என்றாள். அவளிடம் என்ன சொல்ல? எனக்குச் சந்தோஷமாக இருக்கத் தெரிந்துவிட்டது என்பதுதான் இப்போது எனக்கு இருக்கிற கஷ்டமே. தெரிந்துகொள்ள இவ்வளவு லேசான விஷயத்தை, கேட்டுக்கொண்டே இருந்த ஆளிடம் ஒருநாள்கூடக் காட்டவில்லையே.

அத்தான், ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அடுத்த தபசுக்குக் கதவைத் திறந்து வைத்து வாசலில் நிற்பேன். கலக்குவதற்கு முன்னால் மதினியைக் கேட்பேன், வருகிறவர்களையும் கேட்பேன். அந்தத் திருவேங்கடத்து அம்மாள் வந்தால், முதல் தம்ளரைக் கொடுக்கும் முன்பே உண்மையைச் சொல்லிவிடுவேன். இத்தனை வருசமும் கலக்கியது எங்கள் வீட்டுக்காரர். நான் ஊற்றுகிற ஆள் மட்டும்தான். அவர் உள்ளே இருக்கிறார். உள்ளே பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் குடியுங்கள் என்பேன்.

இப்படிக்கு,
உங்கள் மாமன் மகள்
சண்முகத்தாய்
சங்கரன்கோவில்