முழங்காலுக்கு இரண்டு வருடம்

முழங்கால்காரிக்கு,

அடுத்த மாதம் எனக்கு ஓய்வு. கம்பெனி கொடுத்த மருத்துவக் காப்பீடும் அன்றோடு முடிகிறது. ஊரெல்லாம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவன் கட்டிய மனைவியை மூன்று மாடி ஏறவிட்டான் என்று நீ சொன்னது சரிதான். அந்தப் பேச்சு இப்போது வேண்டாம்.

இரண்டு பாலிசி பார்த்தேன். ஒன்று எனக்கு மட்டும். மற்றது நம் இருவருக்கும். மூட்டு மாற்று அறுவைசிகிச்சையும் அதில் உண்டு. எனக்கு இப்போதைக்கு ஒன்றுமில்லை, ஆனால் எழுபதில் உடம்பு என்ன சொல்லுமோ, யார் கண்டது? இரண்டாவதையே எடுக்கப் போகிறேன்.

ஏஜெண்ட் பெண், "மேடம் உங்ககூடத்தான இருக்காங்க?" என்றாள்.

"அக்கா வீட்டுக்குப் போயிருக்கா," என்றேன். போய் இரண்டு வருடம் ஆகிறது என்று சொல்லவில்லை.

"முழங்காலுக்கு ரெண்டு வருஷம் வெயிட்டிங் பீரியட் இருக்கு சார். காத்திருக்கணும், பரவாயில்லையா?"

"பழகிப்போச்சும்மா."

விண்ணப்பத்தை இதோடு வைத்திருக்கிறேன். நீ கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்திருக்கிறேன். தபாலில் அனுப்பினாலே போதும்.

நேரில் வந்தால், பழைய ஞாபகத்தில் மாடி ஏறிவிடாதே. போன வாரமே கீழ்வீட்டுக்கு மாறிவிட்டேன்.

இன்னும் குறட்டை விடுகிறவன்