ஸ்டிக்கரை நம்பாதவளுக்கு

சித்தி,

நேற்றுச் சாயங்காலம் பருத்திப்பட்டு ஏரிக்கரையில் சைக்கிளை இரண்டு கையும் விட்டு ஓட்டிக் காட்டினேன். யாருக்குக் காட்டினேன் என்று கேட்காதே, ஒரு கொக்கைத் தவிர யாரும் பார்க்கவில்லை. முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அம்மா திட்டிக்கொண்டே அந்தப் பழுப்பு மருந்தைப் பஞ்சில் நனைத்து வைத்தாள். எரிந்தது. ஆனால் நான் கத்தாமல் குனிந்து முட்டியை மோந்து பார்த்தேன். அயோடின். உன் விரல் வாசனை.

அம்மாவும் பஞ்சை மூக்கருகே கொண்டுபோனாள். அவளுக்கும் தெரிந்துவிட்டது. "போ, காலை நீட்டி உக்காரு" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். காலை நீட்டினால் கை சும்மா இருக்குமா? அதனால்தான் இந்தக் கடிதம்.

ஆவடியில் எங்கள் குவார்ட்டர்ஸில் நீ தங்க வந்தபோது இரண்டு பெட்டியும் மின்சாரம் அளக்கிற ஒரு மல்டிமீட்டரும் கொண்டுவந்தாய். அக்கா வீட்டிலிருந்து ஆய்வகத்துக்கு ஒரே ரயில் என்று காரணம் சொன்னாய். என் அறையில் பாதியை எனக்கே தெரியாமல் பிடித்துக்கொண்டாய். நீ செய்யும் வேலை என்ன என்று பள்ளியில் கேட்டால் என்ன சொல்வது என்று கேட்டேன்.

"சாயம் காய்ச்சறான்னு சொல்லு."

"சட்டைக்கா?"

"சூரியனுக்கு."

பிறகுதான் விளக்கினாய். ஒரு சாய மூலக்கூறின்மேல் வெளிச்சம் பட்டால் அதிலிருந்து ஓர் எலக்ட்ரான் துள்ளிக் கிளம்பும். சரியான இடத்தில் இறங்கினால் அது மின்சாரம். இறங்காமல் புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிட்டால் வெறும் சூடு.

"ஆவடியில ஷேர் ஆட்டோ ஏறி, பூந்தமல்லியில இறங்காம மறுபடி ஆவடிக்கே வர்ற ஆள் மாதிரி" என்றேன்.

"அதேதான். அந்த ஆளைப் பூந்தமல்லியில பிடிச்சுத் தள்ளி விடறதுதான் என் வேலை."

"அப்ப ஆட்டோல ஒரு சீட் காலியாயிடுமே?"

நீ சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தாய். அந்தப் பார்வை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அந்தக் காலி இடத்தை நிரப்பத்தான் அயோடின் கலந்த திரவம் என்றாய். கையுறை போட்டாலும் எப்படியோ ஒரு விரல் பழுப்பாகத்தான் வீடு வரும். சீட் காலியாகவே கிடந்தால் மூலக்கூறு உடைந்துவிடும், சாயம் வெளுத்துவிடும். வெளுக்காத சாயம் ஒன்றைக் கட்டுவதற்குத்தான் நான்கு வருஷமாக நீ அலைந்துகொண்டிருந்தாய். "என் சாயம் எப்ப வெளுக்கும்னு அம்மா கேக்கறாங்க, சித்தி. அதுக்கும் எதாவது மருந்து கண்டுபிடி" என்றதற்கு, "உன்னோடது தெனமும் வெளுக்குது, நீதான் தெனமும் புதுசாப் பூசிக்கற" என்றாய். அன்று நான் தோற்றேன்.

கோடை விடுமுறையில் மொட்டைமாடிக்கு ஒரு தட்டில் ஆறு கண்ணாடிகள் வந்தன. ஒவ்வொன்றும் இரண்டு சின்னக் கண்ணாடித் துண்டுகளை ஒட்டிச் செய்தது, நடுவில் சிவப்புச் சாயம், மேலே எண் எழுதிய ஸ்டிக்கர். நீ அவற்றை செல் என்றாய். சார்ஜ் போட வேண்டாத செல் இதுதான் என்றேன், நீ சிரிக்கவில்லை. ஒன்று முதல் மூன்று வரை எல்லோருக்கும் தெரிந்த பழைய சாயம். நான்கு முதல் ஆறு வரை நீ கட்டிய புது மூலக்கூறு. ஆய்வக விளக்கின் கீழே தாக்குப்பிடித்தது ஆவடி வெயிலிலும் தாக்குப்பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். தினமும் ரயிலுக்குக் கிளம்பும் முன்னால் மேலே போய் அளந்து நோட்டில் எழுதுவாய்.

தண்ணீர் மோட்டார் போட வருகிற அண்ணன் ஒருநாள் அந்தத் தட்டை வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார், "இன்னா பாப்பா, ஒங்க சித்தி கண்ணாடியக் காய வெச்சிகினு கீது? வடாம் கூட நாலு நாள்ல காஞ்சிடும்."

"இது வெளிச்சம் குடிக்கிற வடாம், அண்ணாத்தே."

"அப்ப எங்கூட்டுக்கும் நாலு குடு, கரண்ட்டு போய்ப் போய் வருது."

எனக்கு அந்த யோசனை வந்தது அன்றுதான். ஒன்றாம் எண் ஸ்டிக்கரையும் நான்காம் எண் ஸ்டிக்கரையும் பிளேடால் உரித்து இடம் மாற்றி ஒட்டினேன். மறுநாள் நீ அளக்கும்போது உன் மூலக்கூறு திடீரென்று சரியும், பழையது திடீரென்று நிமிரும், நீ தலையைப் பிடித்துக்கொண்டு கீழே ஓடி வருவாய், நான் கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வருவேன். இதுதான் திட்டம்.

நீ ஓடி வரவில்லை. சாதாரணமாக இறங்கி வந்தாய், செருப்பை மாட்டினாய், ரயிலுக்குப் போனாய். அன்றைக்குச் சாப்பிடும்போது, "எதாவது சொல்லணுமாடி?" என்று கேட்டாய்.

"சாம்பார்ல உப்பு கம்மி."

அடுத்த நாளும் கேட்டாய். கேலி கேலியாக இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். நாள் போகப் போக அது கேலியாக இல்லை. நீ தினமும் தப்பான எண்ணுக்கு நேராக எழுதுகிறாய், நான்கு வருஷ உழைப்பில் நான் பிளேடு போட்டுவிட்டேன் என்று நினைக்க நினைக்க வாய் திறக்கவில்லை. ஒளியை ஆராய்கிறவளிடமே ஒன்றை ஒளித்து வைத்துக்கொண்டு திரிந்தேன். பன்னிரண்டாம் நாள் உனக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது, "வந்து பேசிக்கலாம்" என்றாய். வந்ததும் முதல் வேலையாகச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

நீ வரவில்லை.

ஒரு மாதம் கழித்து உன் ஆய்வகத் தோழி வந்தாள். கண்ணாடிகளை எடுத்துப்போக வந்ததாகச் சொன்னாள். கையில் உன் நோட்டு. "மாடியில எடுத்த அளவெல்லாம் சேர்த்து அவங்க பேர்லயே கட்டுரை அனுப்பப் போறோம், ஆன்ட்டி" என்று அம்மாவிடம் சொன்னாள். அம்மா அவளுக்குக் காபி கொண்டுவரப் போனாள். சொல்லாவிட்டால் உன் பேரில் ஒரு பொய் அச்சாகும். சொன்னால் உன் பதினோரு நாள் வேலையையும் குப்பையில் போட்டது நான்தான் என்று ஆகும்.

மாடிக்குக் கூட்டிப் போய்ச் சொன்னேன். ஒன்றும் நான்கும் இடம் மாறியிருக்கின்றன, மாற்றியது நான், சித்திக்குத் தெரியாது.

அவள் திட்டவில்லை. நான்கு என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்த கண்ணாடியை எடுத்துத் திருப்பினாள். அடிமூலையில், நகத்தால் தடவினால் மட்டும் தெரிகிற மாதிரி, ஒரே ஒரு கீறல். ஒன்று என்று ஒட்டியிருந்ததைத் திருப்பினாள். நான்கு கீறல்கள்.

"ஸ்டிக்கர் வெயில்ல உரிஞ்சிடும்மா. யாரும் அதை நம்பி எழுத மாட்டோம். செய்யறப்பவே கண்ணாடியிலேயே கீறிடுவோம். உங்க சித்தி எழுதினதெல்லாம் சரியாத்தான் இருக்கு. நான்தான் ஒண்ணு புரியாம முழிச்சிட்டிருந்தேன். இது என்னன்னு உனக்குத் தெரியுமா?"

நோட்டைத் திறந்து காட்டினாள். மின்னழுத்தம், மின்னோட்டம், வெப்பம் என்று கட்டங்கள். கடைசியில் நீயே ஸ்கேல் வைத்துப் போட்ட புதுக் கட்டம் ஒன்று. அதன் தலைப்பில் எழுத்து இல்லை, வால் நீண்ட ஒரு குரங்கு, இரட்டைச் சடையோடு. அதற்குக் கீழே, நான் ஸ்டிக்கர் மாற்றிய மறுநாளிலிருந்து தினமும் ஒரே பதில். 'இல்லை, சாம்பாரில் உப்பு கம்மியாம்.' 'இன்னும் இல்லை.' 'இன்னும் இல்லை.' பதினோரு நாள். ஓரத்தில் சின்னதாக, 'கணிப்பு: மூன்று நாளில் சொல்லிவிடுவாள்.'

பதிலுக்கு என் இரட்டைச் சடையைத் தொட்டுக் காட்டினேன். அவள் பேனாவை என்னிடம் கொடுத்தாள். அன்றைய தேதி போட்டு, குரங்குக்குக் கீழே, 'சொல்லிட்டேன்' என்று எழுதினேன். நாற்பத்து மூன்றாம் நாள்.

உன் கணிப்பு தப்பு, சித்தி. கணிப்பு சரியானால் டீ குடிக்கலாம், தப்பினால்தான் யோசிக்கவே ஆரம்பிக்கிறோம் என்று சொல்லுவாய். இப்போது யோசிப்பதற்கு நான்தான் இருக்கிறேன். மூன்று என்று ஏன் போட்டாய்? ஸ்டிக்கரை நம்பாதவள் என்னை எதை வைத்து நம்பினாய்? எங்கேயாவது எனக்கும் கீறி வைத்திருந்தாயா?

தோழி ஐந்தை எடுத்துப் போனாள். நான்கு கீறல் போட்டதை மட்டும் எனக்கு விட்டுவிட்டுப் போனாள். உன் மூலக்கூறும் வெளுக்கத்தான் செய்கிறதாம், பழையதைவிட மெதுவாக. "ஏன் மெதுவாங்கிறது எங்களுக்கே இன்னும் முழுசாப் புரியலை" என்றாள். அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் கெட்டுப்போச்சு. காலி சீட்டில் யாரோ சீக்கிரமாக வந்து உட்காருகிறார்களா, இல்லை ஆட்டோவே கெட்டியா?

இன்று காலை முட்டியை நொண்டிக்கொண்டு மாடிக்குப் போனேன். தினமும் வைப்பதுபோல உன் மல்டிமீட்டரை வைத்தேன். நேற்றைவிடக் கொஞ்சம் குறைந்திருந்தது. இரண்டு தடவை வைத்துப் பார்த்தேன், அதே எண். என் நோட்டில் குறைந்ததைக் குறைந்தபடியே எழுதினேன்.