வெங்காய மூட்டைகளுக்கு நடுவே நாற்று நட்டவள்

அக்கா, இன்று காலையில் நான் இருக்கும் இந்த அறைக்குள் வெங்காய மூட்டைகளைக் கொண்டுவந்து அடுக்கிவிட்டுப் போனார்கள். புருஷன் செத்தவள் வருஷம் திரும்பும்வரை மூலையில் கிடக்க வேண்டும் என்று வில்லியனூரில் எங்கள் வீட்டுச் சட்டம். வெங்காயத்துக்கும் எனக்கும் ஒரே அறை போதும் என்று முடிவு செய்துவிட்டார்கள் போலிருக்கிறது. சாக்கு வாடை மூக்கில் ஏறியதும் அழுகை வந்தது. அவருக்காக என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். உனக்காக அழுதேன்.

நாம் சைகோனுக்குப் போன அந்தக் கப்பலின் அடித்தட்டிலும் வெங்காய மூட்டைகள், இதே வாடைதான். புதுச்சேரிக் கடற்பாலத்திலிருந்து படகில் ஏற்றிப் போய் நம்மைக் கப்பலுக்குள் இறக்கினார்கள். சைகோனில் என் புருஷன் காத்திருந்தார். உனக்கு அங்கே தோட்ட வேலையில் ஒரு அண்ணன். ஊரில் நீ எங்கள் வயலில் நாற்று நட்டவள், ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் மணி அடித்தால் வேலையை விட்டுவிட்டு ஓடுகிறவள். நான் வரப்பில் நின்று பார்த்தவள். கப்பலில் வரப்பும் இல்லை, வயலும் இல்லை. இரண்டு பேருக்கும் ஒரே பாய்.

மேல்தட்டுக்குப் போகும் கதவை மழைக்குப் பயந்து மூடிவிட்டார்கள். மழை விட்ட பிறகும் பெண்களுக்கு அதைத் திறக்கவில்லை. உட்கார்ந்தே கிடந்ததில் என் கால்கள் பூசணிக்காயாக வீங்கின. கரையில் டாக்டர் பார்ப்பாராம், தானாக நடந்து இறங்க முடியாதவர்களைத் துறைமுகக் கொட்டகையில் அடைத்துவிடுவார்களாம், அங்கே போனவர்கள் திரும்புவது அபூர்வமாம். இதைக் கேட்டதிலிருந்து நான் சோற்றைத் தொடவில்லை. மேலே மூடிய கதவு, போகும் இடத்தில் பூட்டிய கொட்டகை.

நீதான் என் போர்வையைப் பிடுங்கினாய். "இன்னா, பொணம் மாதிரி கெடக்குற? எயுந்திரு, நடக்கலாம்."

"எங்கே நடக்கிறது? திரும்பக்கூட இடமில்லையே" என்றேன்.

"எதுக்குத் திரும்பணும்? நாங்க நடும்போது திரும்புறோமா? மூஞ்சி முன்னால, காலு பின்னால. வா."

மூட்டைகளுக்கு நடுவே ஒரு ஆள் அகலத்துக்குச் சந்து. சுவர்வரை முன்னால் போவோம். அங்கிருந்து திரும்பாமல், நாற்று நடுகிறவர்களைப் போல ஒவ்வொரு அடியாகப் பின்னால் வருவோம். நீ எனக்குப் பின்னால் நின்று என் இடுப்பைப் பிடித்துக்கொள்வாய். முதல் நாளே, சந்தோரம் படுத்திருந்த ஒரு அம்மாள் மேல் நான் தொப்பென்று உட்கார்ந்துவிட்டேன். அவள் போட்ட கூச்சலுக்கு நீ சிரித்த சிரிப்பு இருக்கிறதே! "பெரிய வூட்டுப் பொண்ணு, வயலைப் பார்த்திருக்குது, சேத்துல கால் வெச்சதில்ல" என்று எல்லோரிடமும் சொன்னாய். எனக்குக் கோபம் வந்தது. கோபத்தில் இன்னும் நாலு நடை நடந்தேன்.

கப்பல் ஆடும்போது நடக்க முடியாது. அப்போது நின்ற இடத்திலேயே சேறு மிதிக்கச் சொல்வாய். குதிகாலைத் தூக்கி, விரலை ஊன்றி, மாற்றி மாற்றி மிதிக்க வேண்டும். உட்கார்ந்தால் பாதத்தைச் சுழற்ற வேண்டும். கொஞ்ச நாளில் அந்தத் தட்டில் இருந்த பெண்கள் பாதிப் பேர் சேறு மிதித்தார்கள். நான் விழுந்து நசுக்கிய அம்மாளும்கூட. என் கணுக்கால் எலும்பு மறுபடி கண்ணில் பட்ட அன்று, நீ அதைத் தட்டிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டாய். உன் கை சுட்டது. கேட்டதற்கு, "வெக்கை" என்றாய்.

சைகோனில் நான் என் காலால் நடந்து இறங்கினேன். டாக்டர் என் கணுக்காலை அழுத்திப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார். அடுத்து உன் நெற்றியைத் தொட்டவர், கொட்டகைப் பக்கம் கையைக் காட்டினார். நான் கத்தினேன். என் மொழி அவருக்குத் தெரியாது. உன் அண்ணனும் வரவில்லை.

மறுநாள் என் புருஷனை இழுத்துக்கொண்டு வந்து வேலிக்கு வெளியே நின்றேன். கொட்டகைக்கு முன்னால் பெரிய முற்றம், மாட்டு வண்டியே திரும்பலாம். நீ என்னைப் பார்த்துவிட்டு வேலிவரை நடந்து வந்தாய். காவல்காரன் அதட்டினான். உடனே நீ போனாய், ஆனால் திரும்பவில்லை. முகத்தை என் பக்கம் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு அடியாகப் பின்னால் போனாய். மறுபடி வந்தாய், மறுபடி அப்படியே போனாய்.

"அந்தப் பொம்பளைக்கு இன்னா ஆச்சு? பின்னாலயே போறா?" என்றார் அவர்.

"நாத்து நடுறா" என்றேன்.

அடுத்த முறை போனபோது முற்றம் காலியாக இருந்தது. எங்கே புதைத்தார்கள் என்றுகூட யாரும் சொல்லவில்லை.

சைகோனிலிருந்து ஊர் திரும்பி இத்தனை காலமாகியும், எங்கள் வயலில் கூலிக்கு நட்ட உன்னை அக்கா என்று கூப்பிட இந்த வீட்டில் விடமாட்டார்கள். இந்த அறைக்குள் யார் கேட்கப் போகிறார்கள்? சற்று முன் சோறு கொண்டுவந்த என் ஓரகத்தி வாசலிலேயே நின்றுவிட்டாள். "இன்னாக்கா இது, பின்னாலயே நடக்குற? வியுந்துட்டேன்னா யாரு பாக்குறது?" என்றாள். விழமாட்டேன் என்றேன். வருஷம் முடிந்து இவர்கள் கதவைத் திறக்கிற அன்று யார் கையையும் பிடிக்காமல் வெளியே வருவேன், அதற்குத்தான் இந்த நடை.

மூட்டைகள் போக இந்த அறையில் திரும்புவதற்கு இடம் இருக்கிறது அக்கா. நான்தான் திரும்புவதில்லை.