கலையரசியின் நம்பர் இருந்த பக்கம்

இன்று காலை அடுப்பில் பால் ஏறிக்கொண்டிருந்தபோது கைபேசி சிணுங்கியது. பழைய மாணவர்களின் வாட்ஸப் குழுவில் ஒரு கண்ணீர் அஞ்சலிப் படம். ஊதா நிறப் பின்னணி, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, நடுவில் நீ. உன் அடையாள அட்டையிலிருந்த படத்தை இழுத்துப் பெரிதாக்கியிருக்கிறார்கள்; முகம் கட்டம் கட்டமாக உடைந்து கிடக்கிறது. கீழே கைகூப்பியபடி நம் பழைய கம்ப்யூட்டர் சென்டரின் டைரக்டர். அவர் படம் மட்டும் துல்லியம். உன்னுடையதைவிடப் பெரியதும்கூட. ‘எங்கள் நிறுவனத்தின் தூணாக விளங்கியவர்’ என்று எழுதியிருந்தது.

தூணாம். நீ அங்கே முள்ளாகத்தான் இருந்தாய். பிடுங்கி எறிந்தவரும் அவர்தான்.

நான் அடுப்பை அணைப்பதற்குள் அவரே கூப்பிட்டார். நீ போய் ஒரு மாதமாகிறது; வருகிற ஞாயிற்றுக்கிழமை உனக்கு நினைவுக் கூட்டமாம். “நாலு வார்த்தை நல்லதா பேசுங்க மேடம், நீங்கதான அவங்களுக்கு நெருக்கம்” என்றார். “நாலு வார்த்தை இருக்குது சார், நல்லதா இருக்காது” என்றேன். வைத்துவிட்டார். அங்கே பேச முடியாததை உனக்கே எழுதுகிறேன்.

ஜங்ஷன் போகும் சாலையில், பேக்கரிக்கு மேலே இரண்டு அறைகள். அதில் ஒன்றின் கதவில் ‘டைரக்டர்’ என்று பித்தளைப் பலகை. கூட இருந்த ஊழியர்கள் நீயும் நானும் மட்டும்தான். நம் இருவருக்கும் ஒரு டைரக்டர். புதிதாகச் சேர்பவர்களுக்கு முதல் வகுப்பை அவர்தான் எடுப்பார். “இன்டர்நெட் என்பது ஒரு மாபெரும் கடல்” என்று தொடங்கி, அரை மணி நேரம் அதே கடலில் கிடப்பார். கடலுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது.

“கடலாம். இவங்கல்லாம் மீன் புடிக்கவாடி வந்துருக்காங்க?” என்று என் காதோரம் சொல்வாய். அவர் போனதும் கரும்பலகையைத் துடைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவாய். “நம்ம ஜங்ஷன் தண்டவாளம் தெரியும்ல? அதுதான் இன்டர்நெட்டு. அது மேல பாசஞ்சர் வண்டியும் ஓடுது, கூட்ஸும் ஓடுது. அதுல ஒரு வண்டிதான் வெப். மெயிலு இன்னொரு வண்டி. கூகுள்தான் இன்டர்நெட்டுன்னு எவனாவது சொன்னான்னா, வெளிய போயி நின்னுட்டு வரலாம்.” அறைக்குள் சிரிப்பு எழும். சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலி ஒன்று நகரும்.

கலையரசி அந்த வருடம்தான் சேர்ந்தாள். பீங்கான் கம்பெனியில் கப்புகளின் விளிம்பைத் தேய்த்துச் சரிசெய்யும் வேலை. ஷிப்டு முடிந்து நேராக வருவாள்; முழங்கை மடிப்பில் வெள்ளைத் தூள் ஒட்டியிருக்கும். கையை இரண்டு முறை துடைத்துக்கொண்டுதான் கீபோர்டைத் தொடுவாள். கம்பெனி ஆபீசில் ஆர்டர் மெயில்களைப் பார்க்கும் நாற்காலி ஒன்று காலியாகப் போகிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அந்த நாற்காலிக்காகவே படித்தாள்.

மூன்றாவது மாதம் ஒரு நாள் அவள் அழுதுகொண்டே வந்தாள். “மிஸ், யார் யாரோ போன் பண்றாங்க மிஸ். பேரு சொல்லிக் கூப்புடுறாங்க. எந்த ஊருன்னும் தெரியுது. அசிங்க அசிங்கமா பேசுறாங்க.”

நீ அவளிடம் வேறு ஒன்றும் கேட்கவில்லை. அவள் பெயரையும் ஊரையும் தேடலில் போட்டாய். முதலில் வந்ததே நம் சென்டரின் பக்கம். ‘எங்கள் சாதனை மாணவர்கள்’ என்ற தலைப்பின் கீழ் அவள் படம், பெயர், ஊர், கைபேசி எண். சேர விரும்புகிறவர்கள் அவளைக் கூப்பிட்டு விசாரிக்கலாமாம். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சேரும்போது அவள் கொடுத்த விவரங்களை எடுத்து ஊரே பார்க்க வைத்திருக்கிறார் டைரக்டர்.

நாம் மூவரும் பித்தளைப் பலகைக் கதவைத் தள்ளிக்கொண்டு போனோம். டைரக்டர் பதறவில்லை. தன் கம்ப்யூட்டரில் ஒரு போல்டரைத் திறந்து, அவள் படத்தை அழித்து, குப்பைத் தொட்டியையும் காலி செய்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். “முடிஞ்சுது. போயிடுச்சு பாரும்மா.”

நீ கலையரசியின் கைபேசியை வாங்கி அதே பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தாய். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். எண்ணும் அப்படியே இருந்தது.

“இப்பதான அழிச்சேன்?”

“நீங்க அழிச்சது உங்க கம்ப்யூட்டர்ல இருந்த நகல் சார். பக்கம் சர்வர்ல இருக்குது. கேக்குறவங்களுக்கெல்லாம் அங்கேருந்துதான் போவுது.”

“சர்வர் எங்க இருக்குது?”

வெப்சைட் வைத்திருக்கும் மனிதர், இன்டர்நெட் கடலைப் பற்றி எத்தனையோ முறை முழங்கியவர், அதைக் கேட்டார். நீ அவரைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. காலில் எதையோ மிதித்துவிட்டவள் குனிந்து பார்ப்பதுபோல் இருந்தது. அந்த வெப்சைட்டைச் செய்துகொடுத்த கடலூர்க்காரனை நீயே கூப்பிட்டாய். சாயங்காலத்துக்குள் அவன் அந்தப் பக்கத்தை இறக்கினான். ஆனாலும் தேடினால் எண் வந்தது. கூகுள்காரர்கள் எடுத்து வைத்திருந்த பழைய நகல் அது. அதை நீக்கச் சொல்லித் தனியாக விண்ணப்பித்தாய். எண் மறையச் சில நாட்கள் ஆயின. அதுவரை கலையரசி போனை அணைத்தே வைத்திருந்தாள்.

அதற்குள் விஷயம் அவள் வீட்டுக்குப் போய்விட்டது. பெண்ணாடம் பக்கத்தில் கரும்பு போட்டிருக்கும் அவள் அப்பா, மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மாடி ஏறி வந்தார். “கம்ப்யூட்டரும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். இவ என்னா பண்ணாளோ, ஊரே போன் பண்ணுது!” கலையரசி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

டைரக்டர் அவர் தோளில் கை வைத்தார். “இது இன்டர்நெட் சமாச்சாரங்க. எவனோ ஹேக்கர் பண்ணிட்டான். நம்ம கையில என்னா இருக்குது? பொண்ணுங்களும் கொஞ்சம் சாக்கிரதையா இருக்கணும்.”

“இன்டர்நெட் என்னா மழையா சார், அதுவா பெய்யறதுக்கு?” என்றாய். பிறகு அந்த அப்பாவிடம் திரும்பினாய். “ஐயா, உங்க வூட்டு விலாசத்த எழுதி ஜங்ஷன்ல ஒருத்தன் போர்டு மாட்டிட்டான்னு வைங்க. போறவன் வர்றவன்லாம் வந்து கதவ தட்டுறான். போர்டு மாட்டுனவன் மேல கோவப்படுவீங்களா, வூட்டுக்குள்ள இருக்குற பொண்ணு மேல கோவப்படுவீங்களா? உங்க பொண்ணு எதையும் மாட்டல. மாட்டுனது இவருதான்.”

விரலை நேராக டைரக்டரின் முகத்துக்கு நீட்டியிருந்தாய். அப்பாவின் தோளிலிருந்து அவர் கை தானாகக் கீழே இறங்கியது. அந்த அப்பா மகளை அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் முதல் நீ வர வேண்டாம் என்றார் டைரக்டர். காரணம், ‘நிறுவனத்தின் பெயருக்குக் களங்கம்’. நிறுவனத்துக்கு ஒரு பெயர் இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நானும் என் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு உன் பின்னால் படியிறங்கினேன். “நீ எதுக்குடி வர்ற, லூசு?” என்று திட்டினாய். கீழே பேக்கரியில் இரண்டு டீ சொன்னதும் நீதான்.

உன் வீட்டு முன்னறையில், பழைய கம்ப்யூட்டர் இரண்டை வைத்து நாம் தொடங்கியதைப் பார்த்து ஊர் சிரித்தது. பலகை இல்லை, சான்றிதழ் இல்லை. ஒரு மாதம் கழித்து வாசலில் ஒரு குரல். “அந்தக் கோவக்கார டீச்சரு இங்கதான் இருக்காங்களா?” கலையரசியின் அப்பா. பின்னால் அவள். “இவளுக்கு மிச்சத்தையும் சொல்லிக் குடுத்துடுங்கம்மா.” நீ உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாய். ஏனென்று நான் கேட்கவில்லை.

கம்பெனி ஆபீசின் அந்த நாற்காலியில் இப்போது அவள்தான் இருக்கிறாள். புதுச்சேரி ஆஸ்பத்திரியிலிருந்து உன்னைக் கொண்டுவந்த அன்று, கம்பெனியில் சொல்லிவிட்டு வந்து கடைசிவரை கூடவே நின்றாள். டைரக்டர் வரவில்லை. சேத்தியாத்தோப்பில் புதுக் கிளைத் திறப்பு விழாவாம்.

நம் வகுப்பு இன்னும் நடக்கிறது. நான் மென்மையாகப் பேசுகிறவள். நீ எப்போதும் அதைக் கிண்டல் செய்வாய். ஆனால் நீ போன பிறகு என் வாய்க்குள் உன் நாக்கு வந்து உட்கார்ந்துகொண்டது. போன வாரம் பீங்கான் கம்பெனியிலிருந்து புதிதாக வந்திருக்கும் ஒரு பெண், கப்புகளின் விலை பார்க்க ஏதோ ஒரு தளத்தைத் திறந்தாள். கைபேசி எண்ணைக் கேட்டு ஒரு பெட்டி வந்து மறித்தது. தட்டப்போன விரலை நிறுத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“மிஸ், வெல பாக்குறதுக்கு இவனுக்கு எதுக்கு என் நம்பரு?”

பாராட்டி நாலு நல்ல வார்த்தை சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

“பரவால்லையே,” என்றேன், “மூளை இருக்குது.”

அவள் சிரித்தாள். திட்டா பாராட்டா என்று அவளுக்குப் புரியவில்லை. கூட வேலை செய்த அத்தனை வருடத்தில் உன்னிடம் அந்த ‘மூளை இருக்குது’வை நான் ஒரே ஒரு முறைதான் வாங்கியிருக்கிறேன். அன்று வீடு போய்ச் சேரும்வரை என் கால் தரையில் இல்லை.