மூன்று நாரைகள்

அன்புள்ள ரூபர்ட்,

லட்லோ நகரத்து ஏலத்தில் உங்கள் குடும்பத்துச் சூப் பாத்திரத்தை எடுத்தது நான்தான். தொலைபேசியில் போட்டிக்குக் கேட்டது நீ என்று தெரியும். வேறு யார் அத்தனை தயங்கித் தயங்கி விலையை ஏற்றுவார்கள்?

நம் வீட்டுச் சீனத் தட்டுகளில் உங்கள் குடும்பச் சின்னம் இடப் பாதியில் பளிச்சென்று இருக்கும். அவற்றைச் சீனாவில் செய்யச் சொன்ன உங்கள் முன்னோரின் மனைவி வீட்டாரின் சின்னம் இருக்கவேண்டிய வலப் பாதி மட்டும் அழிந்திருக்கும். "கத்தி பட்டுத் தேஞ்சதுடி, நீயா கதை கட்டாதே" என்பாய். கத்தி ஒரு பக்கம் மட்டுமா படும்?

இந்தப் பாத்திரத்தில் வலப் பாதி முழுசாக இருக்கிறது. மூன்று நாரைகள். ஏலக்காரர் பார்ஜிட்டர் பார்த்ததுமே சொன்னார்: "இது, சாமான் செய்யச் சொன்னவரோட முதல் சம்சாரத்துக் குடும்பச் சின்னம், மேடம். சீனாவுலருந்து கப்பல் வர்றதுக்குள்ள அந்தம்மா போயிட்டாங்க. ரெண்டாவதா வந்தவங்கதான் தட்டையெல்லாம் சுரண்டியிருக்கணும். இது மட்டும் அவங்க கையில சிக்கல."

இருபது வருஷமாக நான் சொன்னதும் இதைத்தான்.

தட்டுகள் வேண்டுமென்று உன் வக்கீல் எழுதியிருந்தார். எல்லாவற்றையும் அனுப்பிவிட்டேன். நீ கட்டப்போகிற பெனலோப்பிக்கு ஒரு சிரமமும் இல்லை, வலப் பாதி ஏற்கெனவே சுரண்டித்தான் இருக்கிறது.

நாரைகள் என்னோடு இருக்கும். இன்று அதில்தான் பட்டாணி சூப்.

இப்படிக்கு,
முதல் மனைவி