நாலாம் கதவுக்கு ரிலீவர் வரவில்லை

ஜூன் 8, ஞாயிறு

காலையிலிருந்து காற்று. ரெண்டு கிளிப் போட்டும் துப்பட்டா பக்கத்து வீட்டு முருங்கையில். மலைப் பக்கம் கறுத்துக் கிடக்கிறது, இங்கே ஒரு சொட்டு இல்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில், தோழி மகேசு வீட்டில், எங்கள் கதை விளையாட்டுக்கு ஐந்தாவது சோதனை ஆட்டம். பாதி இன்று, மீதி அடுத்த ஞாயிறு. மகேசு வரைந்த விண்வெளி நிலையத்தின் வரைபடம் பிரமாதம். என் கதைதான் நொண்டுகிறது. 'ஏழாம் வளையம்' என்று பெயர் வைத்தாயிற்று. உடையப்போகும் பழைய நிலையம். நாலு பேர் போய் விதைப்பெட்டிகளை மீட்க வேண்டும். நான் கதை சொல்வேன், அவர்கள் பாத்திரமாகப் பேசிப் பகடை உருட்டுவார்கள். எல்லாம் நன்றாகத்தான் ஓடுகிறது, முடிவு மட்டும் சப்பென்று. பெட்டியை எடுக்கிறார்கள், விண்வெளி ஓடத்தில் ஏறுகிறார்கள், டாட்டா. இணையத்தில் நம்பிப் பணம் போட்ட நூற்று நாற்பது பேருக்கு இதையா புத்தகமாக அனுப்புவது? 30-ம் தேதி சிவகாசியில் அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும்.

ஆட மகேசு, அவள் புருஷன் முருகன், முருகனின் தம்பி. நாலாவது ஆள் வரவில்லை. என்னை வண்டியில் கொண்டுவந்து விட்ட அப்பாவை மகேசு பிடித்து உட்கார வைத்துவிட்டாள். பட்டாளத்தில் பதினேழு வருஷம், அப்புறம் மில் கேட்டில் செக்யூரிட்டி. அவருக்கு வேறு என்ன பாத்திரம் கொடுப்பது? காவலர்.

"நாலாம் கதவுல நில்லுங்கப்பா. பொறவு ஆள் அனுப்புதேன்."

"சரி."

ஒவ்வொரு சுற்றிலும் கேட்டேன், என்ன செய்றீங்க என்று. ஒவ்வொரு சுற்றிலும் ஒரே பதில். "நிக்கேன்."

ஜூன் 10, செவ்வாய்

ஒன்பதிலிருந்து ரெண்டு வரை கரண்ட் இல்லை.

செய்ய வேண்டியது: பக்க எண். பகடை விதி அட்டவணை. பணம் போட்ட கனடாக்காரருக்குப் பதில் (தேதி தள்ளிப்போகுமா என்கிறார்). முடிவு. முடிவு. முடிவு.

அம்மா, கூடத்திலிருந்து, எனக்குக் கேட்கும்படி: "மில் ஆபீஸ் வேலைய விட்டுட்டு பகடை உருட்டுதா. கேக்கவங்களுக்கு நான் என்ன சொல்ல?" அப்பா பேப்பரை மடித்தார், அவ்வளவுதான். மார்ச்சில் வேலையை விட்டதிலிருந்து இப்படித்தான். திட்டினாலாவது திருப்பிப் பேசலாம். அவர் வாயே திறக்காததுதான் என்னைத் தின்கிறது.

நாலு தடவை மாடி ஏறி இறங்கினேன். ஒரு வரி எழுதவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

எட்டு மணிக்கே அப்பா இஸ்திரி போட்ட சட்டையில் தயார். நான் கூப்பிடவே இல்லை. பையில் பேனா, குட்டி நோட்டு.

ஆட்டம் கடைசிக் கட்டம். முருகன் அவசரப்பட்டான். "மாமா, ஓடம் கெளம்புது. வாங்க."

"ரிலீவர் வரல. மாத்து ஆளு வராம எப்பிடி?"

எல்லாருக்கும் சிரிப்பு. எனக்கும். சிரித்துக்கொண்டே எல்லாரும் ஏறிவிட்டதாகச் சொன்னேன்.

"நான் ஏறலயே" என்றார் அப்பா.

"விளையாட்டுதானப்பா. சும்மா ஏறுங்க."

குரல் உயர்ந்துவிட்டது. அத்தனை பேர் முன்னாலும். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய் வண்டிப் பக்கத்தில் நின்றார். மகேசு காபியை அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

ராஜபாளையத்தில் வீடு வரும்வரை அவர் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தேன். நான் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. முடிவும் பழையபடி சப்.

ஜூன் 17, செவ்வாய்

பழைய குறிப்புகளைப் புரட்டினால் 8-ம் தேதி என் கையெழுத்திலேயே இருக்கிறது: "அப்பா – 4-ம் கதவு – ஆள் அனுப்பணும்." அடியில் ரெண்டு கோடு வேறு. அனுப்பவே இல்லை. மறந்தே போய்விட்டேன்.

அம்மாவிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டே, "ஒங்கப்பாட்ட அப்பிடிச் சொன்னா அப்பிடித்தான். மில்லுல ஒருக்க மாத்து ஆளு வரல, மறுநா மத்தியானம் வரைக்கும் கேட்டுலயே நின்னாவ. நீ கத எழுதி பிரைஸ் வாங்கினேல்ல ஒம்போதாங்கிளாஸ்ல, அன்னைக்குத்தான்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீ கேட்டியா?"

கேட்கவில்லை. மேடையில் நின்று வாசலையே பார்த்தது ஞாபகம் இருக்கிறது. வேண்டுமென்றே வரவில்லை என்று இத்தனை வருஷம் நினைத்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. மிச்சக் கீரையை நானே ஆய்ந்தேன்.

மத்தியானம் மூன்று பக்கம் எழுதினேன். புது விதி: மாற்று ஆள் வராமல் காவலர் கதவை விடமாட்டார். ஓடம் கிளம்ப ஐந்தே சுற்று. யாராவது திரும்பிப் போய் அவர் இடத்தில் நின்றால்தான் அவர் வர முடியும். நிற்பவர் கதி? அதற்குத்தான் விடை இல்லை.

ஜூன் 22, ஞாயிறு

கடைசிக் கட்டம் மட்டும் மறுபடி.

"அப்பா, இன்னும் நாலாம் கதவுலதான் நிக்கிறீங்களா?"

"நிக்கேன்."

"ஆள் அனுப்ப மறந்தது நான்தான்ப்பா."

"தெரியும்."

புது விதியைச் சொன்னேன். ஒன்றரை மணி நேரம் சண்டை. முருகன், ஒரு ஆளுக்காக எல்லாரும் சாகணுமா என்கிறான். அவன் தம்பி சுற்றுகளை எண்ணி எண்ணிக் குழப்புகிறான். மகேசு எழுந்தேவிட்டாள். "நீங்க போங்க. நான் மாமாவ மாத்திவிடப் போறேன்." பகடையில் அவளுக்கு ஆறு. கதவுக்கு வந்துவிட்டாள்.

"மாமா, ரிலீவர் வந்தாச்சு. ஓடுங்க."

அப்பா நகரவில்லை. "சார்ஜ் ஒப்படைக்கணும்லா." குட்டி நோட்டை எடுத்தார். ரெண்டு ஞாயிறும் நாலாம் கதவு வழியாக யார் போனது, எந்தப் பெட்டி வந்தது, எந்தச் சுற்றில், எல்லாம் வரிசையாக. நிறுத்தி நிறுத்தி வாசித்தார். கடைசிக்கு முந்தின வரி: "கதவுக்கு அந்தப் பக்கம் சின்ன ஓடம் ஒண்ணு. ரெண்டு பேர் போலாம். படத்துல இருக்கு. யாரும் கேக்கல."

வரைபடத்தைப் பிடுங்கிப் பார்த்தோம். இருக்கிறது.

"எடம் காலியா கெடந்துச்சுன்னு வரைஞ்சேன்" என்றாள் மகேசு.

கடைசி வரி: "ஆல் ஓகே." கீழே கையெழுத்து, நேரம்.

எனக்கு அழுகை வந்தது, தண்ணீர் குடிக்க அடுப்படிக்குள் போய்விட்டேன். முடிவு கிடைத்துவிட்டது. திரும்பிப் போகிறவர்களுக்கு மட்டும்தான் அந்த ஓடம் தெரியும்.

ஜூன் 26, வியாழன்

கடைசி அத்தியாயம் முடிந்தது. அந்த நோட்டுப் பக்கத்தை அப்பா கையெழுத்திலேயே அச்சிடக் கேட்டேன். அசிங்கமாக இருக்கிறது என்று நல்ல பேனாவில் திரும்ப எழுதினார். பழையதைத்தான் ஸ்கேன் எடுத்தேன், அவரிடம் சொல்லவில்லை. கனடாக்காரருக்குப் பதில்: தேதி மாறாது.

ஜூன் 30, திங்கள்

சிவகாசி. வெயில் மண்டையைப் பிளக்கிறது. பஸ்ஸில் போகிறேன் என்றதற்கு, "நான் கொண்டு விடுதேன்" என்று அப்பாவே வண்டியை எடுத்தார்.

காலையில் கொடுத்தேன், மத்தியானம் அச்சகத்தில் முதல் ஷீட் ஓடிவிட்டது. இன்னும் ஈரம். இடது ஓரத்தில் அவர் கையெழுத்து, "ஆல் ஓகே" வரை தெளிவாக. உள்ளே வந்து பாருங்க என்று கூப்பிட்டேன். குறுகலான தெரு, லாரி வந்தால் வண்டியை நகட்ட ஆள் வேண்டுமாம், வரமாட்டேன் என்கிறார்.

பேனாவை மூடுகிறேன். வண்டிகிட்ட நான் போய் நிற்கணும்.